செப்பேட்டில் காத்த கனவு

திருவேங்கடமலை என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் எழுபவை நீண்ட வரிசையும், கோவிந்த நாமமும், லட்டுப் பிரசாதமுமே. அம்மலைக் கோயிலினுள், உண்டியலுக்கு எதிரே, கல்லால் அமைந்த ஒரு சிற்றறை உண்டு. சங்கீர்த்தன பண்டாரம் என்பது அதன் பெயர். ஒரு மனிதரின் வாழ்நாட் கனவு நூற்றாண்டுக் கணக்கில் அங்கே காத்திருந்தது.

அவர் தாளப்பாக்கம் அன்னமாச்சாரியார். இராஜம்பேட்டைக்கு அருகிலுள்ள தாளப்பாக்கத்தில் 1408இல் பிறந்தவர். இளமையிலேயே வீட்டை விட்டுத் திருமலைக்கு வந்து, வைணவ தீக்கை பெற்றார். நம் ஆழ்வார்களின் பாசுரங்களில் தோய்ந்த அவர் உள்ளம், தாய்மொழியாம் தெலுங்கில் வேங்கடவனைப் பாட விழைந்தது. பதினாறாம் வயதில், 1424இல், பாடத் தொடங்கியவர் 1503இல் மறையும்வரை நிறுத்தவில்லை என்று செப்பேடே கூறுகின்றது. நாள்தோறும் ஒரு பாட்டேனும் புனைவது அவர் விரதம் என்பர். அவர் பாடியவை 32,000 என்பது மரபு. எழுபத்தொன்பது ஆண்டுகளுக்குப் பகிர்ந்து பார்த்தால், நாளொன்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேலாகவே வருகின்றது!

இடையூறு இல்லாமலும் இல்லை. சந்திரகிரியிலிருந்து ஆண்டு, பின்னர் விஜயநகர அரியணை ஏறிய சாளுவ நரசிம்மன், இறைவனைப் பாடியதுபோல் தன்னையும் பாடுமாறு வேண்டினான். அன்னமாச்சாரியார் மறுத்தார், விலங்கிடப்பட்டார். பேரர் சின்னன்னா இயற்றிய வரலாற்று நூல் இதனைக் கூறுகின்றது.

பாடியவர் மறைந்தால் பாட்டும் மறையுமோ என்ற கவலை மகன் பெரிய திருமலாச்சாரியாருக்கு இருந்தது போலும். ஓலை செல்லரிக்கும், செம்பு நிலைக்கும். ஆகவே பாடல்களைச் செப்பேடுகளில் பொறிக்கச் செய்தார். தந்தையும் மகனும் இன்றும் அச்சிற்றறையின் இருமருங்கும் சிலைகளாக நிற்கின்றனர்.

காலம் மாறிற்று. பேரரசு வீழ்ந்தது, பாட்டின் மெட்டுகள் மறந்தன. 1922இல் 2,000க்கு மேற்பட்ட ஏடுகள் வெளிவந்தன. சாது சுப்பிரமணிய சாஸ்திரி, வேட்டூரி பிரபாகர சாஸ்திரி போன்ற அறிஞர்கள் அவற்றைப் படித்துப் பதிப்பித்தனர். ஏட்டில் இராகத்தின் பெயர் இருந்தது, சுரக்குறிப்பு இல்லை. இராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா பல பாடல்களுக்குப் புதிதாக மெட்டமைத்தார். 1978இல் தேவஸ்தானம் இப்பணிக்கெனவே அன்னமாச்சாரியார் திட்டத்தைத் தொடங்கிற்று. எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையார் பாடியபின், தமிழ் இல்லங்களிலும் இப்பாடல்கள் காலை வேளையில் ஒலிக்கலாயின.

கிடைத்தவை 12,000க்கு மேல், எஞ்சியவை போயின. எனினும் கனவு பொய்க்கவில்லை. ஒருவர் நாள் தவறாது உழைத்தார்; மகன் அதனைப் போற்றி வைத்தார்; முகமறியாத பிற்காலத்தவர் அதற்கு மீண்டும் குரல் கொடுத்தனர்.

பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு வந்துள்ள நம்மிடமும், அலுவலுக்கும் சமையலுக்கும் இடையே ஒதுக்கி வைத்த கனவு ஒன்று இருக்கக்கூடும். அதற்கு நாளுக்கு ஒரு நாழிகையேனும் அளிப்போம். முடிவைக் காணும் பேறு நமக்கு வாய்க்காவிடினும், எடுத்துப் பார்க்கும் கை என்றேனும் வரும்.