ஒரு கிராம் குயினைனும் ஒரு டச்சு வியாபாரியும்

குயினைன்னு சொன்னா நமக்கெல்லாம் மலேரியாவும் கசப்பும்தான் ஞாபகத்துக்கு வரும். ஊட்டிப் பக்கம் போனவங்க நடுவட்டத்துல வெள்ளைக்காரன் போட்ட சின்கோனா தோட்டக் கதையைக் கேட்டிருக்கலாம். அதே சின்கோனா பட்டையிலிருந்துதான், தாறுமாறாத் துடிக்கிற இதயத்தை வழிக்குக் கொண்டுவர்ற மருந்தும் வந்தது. அதுக்கு வழி காட்டினது ஒரு பேஷண்ட்!

ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன்னு ஒரு கோளாறு. இதயத்தோட மேலறைகள் ஒழுங்கா சுருங்கி விரியாம, சும்மா நடுங்கிக்கிட்டே இருக்கும். நாடியில தாளமே இருக்காது. அதைவிட ஆபத்து, அங்க தேங்குற ரத்தம் கட்டியாகி மூளைக்குப் போனா பக்கவாதம்.

கரெல் வெங்கபாக் இதயத் துடிப்பு ஆராய்ச்சியில பெரிய கை, டச்சுக்காரர். அவர்கிட்ட இந்தக் கோளாறோட ஒரு டச்சு வியாபாரி வந்தார். "இதைக் குணப்படுத்த எங்கிட்ட வழியில்லை"ன்னு டாக்டர் கைவிரிக்க, "நாளைக்குக் காலையில சரியான நாடியோட வர்றேன் பாருங்க"ன்னுட்டுப் போனார் வியாபாரி. சொன்னபடியே வந்தார். மலேரியா இருக்கிற நாடுகள்ல சுத்தினவர்; ஒரு கிராம் குயினைன் போட்டா துடிப்பு அடங்குதுன்னு தானாவே கவனிச்சு வெச்சிருக்கார். வெங்கபாக்கோட பெருந்தன்மை, இதை மறைக்காம 1914-ல் தன் புத்தகத்துல எழுதினார். மத்த பேஷண்டுகளுக்குக் கொடுத்தப்ப சிலருக்குத்தான் பலிச்சதுங்கிறதையும் சேர்த்தே.

1918-ல் ஜெர்மனியில வால்டர் ஃப்ரை, சின்கோனா சரக்குகளை ஒவ்வொண்ணா சோதிச்சார். ஜெயிச்சது குயினிடின். குயினைன்ல இருக்கிற அதே அணுக்கள்தான், முப்பரிமாண அமைப்பு மட்டும் வேற.

இனிமேதான் மேட்டரே. இந்த மருந்து இதயச் செல்லுல சோடியம், பொட்டாசியம் போற வாசல்களை அடைக்குது. ஒரு துடிப்புக்கப்புறம் அடுத்ததுக்கு செல் தயாராக நேரமாகும். சுத்திக்கிட்டே இருக்கிற கண்ட கண்ட மின் அலைகள் அணைஞ்சுடும். ஆனா அதே தாமதம் கீழறையிலும் நடக்குமே? அங்க அது உயிருக்கே உலை. குயினிடின் சாப்பிட்டவங்கள்ல சிலர் திடீர்னு மயங்கி விழுந்தாங்க. மயக்கத்துக்குக் காரணம் கீழறை நடுங்குறதுதான்னு 1964-ல் செல்ஸரும் ரேயும் எழுதினாங்க. நோயும் மருந்தும் ஒரே வேலையைச் செய்யுது, இடம்தான் வேற :-)

1990-ல் ஆறு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தாங்க, சுமார் 800 பேர். ஒரு வருஷம் கழிச்சு சீரான துடிப்போட இருந்தவங்க: குயினிடின் எடுத்தவங்கள்ல 50%, எடுக்காதவங்கள்ல 25%. பிரமாதம்னு கைதட்டப் போனா, இறந்தவங்க 2.9%, 0.8%. எங்க தொழில் பாஷையில சொன்னா, டாஷ்போர்டு பூரா பச்சை, கஸ்டமர் மட்டும் காணோம்.

அடுத்த அடி 2002-ல், அஃபர்ம் ஆய்வு. 4060 பேர். ஒரு பாதிக்கு மருந்தால தாளத்தைச் சீராக்கப் பார்த்தாங்க, மறுபாதிக்கு வேகத்தை மட்டும் குறைச்சாங்க. ஆயுசுல சீராக்கினவங்களுக்கு ஒரு லாபமும் இல்லை. பக்கவாதம் வந்தவங்கள்ல பெரும்பாலானோர், ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரையை நிறுத்தினவங்க, இல்லேன்னா அளவு போதாதவங்க.

இதையெல்லாம் நான் தேடிப் படிச்சதே எங்க பெரியப்பாவுக்காக. மாத்திரையில நாடி சீரானதும், "அதான் சரியாயிடுச்சே, அந்த ரத்த மாத்திரை இனிமே எதுக்குடா?"ன்னு ஆரம்பிச்சார். அஃபர்ம் கதையைச் சொன்னேன். ரிட்டயர்டு கணக்கு வாத்தியார், விடுவாரா? "அப்ப தாளத்தைச் சீராக்குற மாத்திரை மட்டும் எதுக்கு?"

நியாயமான கேள்வி. தொந்தரவு குறையுங்கிறது ஒரு பதில். இன்னொண்ணு 2020-ல் வந்தது. ஈஸ்ட் ஆய்வு, 2789 பேர், எல்லாருக்கும் நோய் தெரிஞ்சு ஒரு வருஷத்துக்குள்ள. இதுல தாளத்தைச் சீராக்க ஆரம்பத்துலயே இறங்கினப்போ பக்கவாதமும் இதயச் சாவும் குறைஞ்சது. ஆனா பெரியப்பா, அதுல பெரும்பாலானவங்க அந்த ரத்த மாத்திரையை விடவே இல்லை.

"டாக்டர்கிட்டயே கேட்டுக்கறேன்"னு காலண்டர் தாள் பின்னாடி கேள்விகளை எழுதி வெச்சிருக்கார். அதுவரைக்கும் மாத்திரையைத் தொடர்றதா பெரியம்மா முன்னாடி ஒத்துக்கிட்டார்.