லைப்னிட்ஸ் – கிளார்க் கடித விவாதம்

லைப்னிட்ஸ் – கிளார்க் கடித விவாதம் என்பது செருமானிய மெய்யியலாளர் லைப்னிட்சுக்கும் ஆங்கிலேய இறையியலாளர் சாமுவேல் கிளார்க்குக்கும் இடையே 1715, 1716 ஆம் ஆண்டுகளில் நடந்த கடிதப் போக்குவரத்து ஆகும். உலகைப் படைத்த இறைவன் படைப்புக்குப் பின்னும் அதில் தலையிட வேண்டியிருக்கிறதா என்பதே அதன் மையக் கேள்வி.

பின்னணி

கோள்களும் வால்வெள்ளிகளும் ஒன்றையொன்று ஈர்ப்பதால் அவற்றின் பாதைகளில் சிறு பிறழ்வுகள் சேர்ந்துகொண்டே போகும். என்றாவது ஒருநாள் இந்த அமைப்பைச் சீர்செய்ய வேண்டிவரும் என்று நியூட்டன் தம் ஒளியியல் நூலில் கருத்துத் தெரிவித்திருந்தார். அந்நூலை 1706 இல் இலத்தீனில் மொழிபெயர்த்தவர் அவருடைய நண்பரான கிளார்க். நுண்கணிதத்தை முதலில் கண்டறிந்தவர் யார் என்ற பூசலால் நியூட்டனுக்கும் லைப்னிட்சுக்கும் ஏற்கெனவே பகை இருந்தது. இங்கிலாந்தில் சமய உணர்வு நலிந்து வருகிறது என்று வேல்சு இளவரசி கரோலினுக்கு லைப்னிட்ஸ் 1715 நவம்பரில் எழுதினார். இளவரசி அதைக் கிளார்க்கிடம் காட்டினார். விவாதம் தொடங்கியது.

கடிகாரமும் அரசனும்

அவ்வப்போது சாவி கொடுத்துப் பழுதுபார்க்க வேண்டிய கடிகாரத்தைச் செய்தவன் திறமை குறைந்தவன். நியூட்டன் தரப்பினர் இறைவனை அத்தகையவனாக்குகிறார்கள் என்பது லைப்னிட்சின் குற்றச்சாட்டு. இறைவன் உலகை இடைவிடாது காத்து நிற்கிறான் என்பதை அவரும் ஏற்றார். காத்தல் வேறு, பழுதுபார்த்தல் வேறு என்பதே அவர் வாதம்.

கிளார்க் இதை மறுத்தார். மனிதக் கைவினைஞன் இருக்கும் பொருள்களைச் சேர்த்து வைப்பவன் மட்டுமே. இறைவனோ அவற்றின் ஆற்றல்களையே படைத்துக் காப்பவன். அரசன் இல்லாமலே எல்லாம் நடக்கும் நாட்டில் அவன் பெயரளவுக்கே அரசன். தானே ஓடும் உலகைப் பற்றிப் பேசுவோர் முடிவில் இறைவனையே வெளியேற்றிவிடுவார்கள் என அவர் எச்சரித்தார். குடிகளைத் தவறே செய்யாதபடி நன்கு வளர்த்த அரசனைப் பெயரளவு அரசன் என்று யார் சொல்வார் என்று லைப்னிட்ஸ் திருப்பிக் கேட்டார்.

வெளி பற்றிய வாதம்

வெளி என்பது பொருள்கள் ஒருங்கே இருக்கும் ஒழுங்கு மட்டுமே என்றார் லைப்னிட்ஸ். அது தனித்து நிற்கும் ஒன்றாக இருந்தால், இறைவன் உலகை இந்த இடத்தில் வைத்ததற்கும் வேறிடத்தில் வைக்காததற்கும் காரணம் காட்ட இயலாது. காரணமின்றி எதுவும் நிகழ்வதில்லை. இறைவனின் விருப்பமே போதிய காரணம் என்றார் கிளார்க்.

முடிவும் விளைவும்

இருவரும் ஐந்து ஐந்து கடிதங்கள் எழுதினர். 1716 நவம்பரில் லைப்னிட்ஸ் மறைந்ததால் விவாதம் நின்றது. 1717 இல் கிளார்க் கடிதங்களை நூலாக வெளியிட்டார்.

1780களில் பிரெஞ்சு அறிஞர் லாப்லாஸ், வியாழன், சனி ஆகியவற்றின் இயக்கத்தில் காணப்பட்ட பெரும் பிறழ்வு சுமார் 900 ஆண்டுச் சுழற்சியில் தானே மாறி மாறி வருவது என்று காட்டினார். அந்தப் பிறழ்வைத் திருத்த யாரும் தேவைப்படவில்லை. இவ்வகையில் லைப்னிட்சின் கடிகாரம் வென்றது எனலாம். ஆனால் தானே ஓடும் கடிகாரத்துக்குக் கடிகாரக்காரன் எதற்கு என்ற கேள்வியும் அந்த நூற்றாண்டில் வலுத்தது. கிளார்க் அஞ்சியது அதைத்தான். இருவருமே இறைவனின் பெருமையைக் காக்கவே வாதாடினர். படைப்பு குறையற்றது என்றால் படைத்தவன் தொலைவில் நிற்கிறான். அவன் அருகிலிருந்து திருத்துகிறான் என்றால் படைப்பில் குறை தெரிகிறது. இந்த இக்கட்டை அவர்களுடைய பத்துக் கடிதங்களும் தீர்க்கவில்லை.