செங்கண் சில்வண்டின் வம்சாவளி

வட அமெரிக்கக் கானகங்களில் 17 ஆண்டுகள் மண்ணுக்குள் வேர்ச்சாறு உறிஞ்சிக் கிடந்து, ஒரு வசந்தத்தில் லட்சோபலட்சமாய் வெளிப்படும் செங்கண் சில்வண்டுக்கு, ஸ்வீடன் நாட்டுப் பண்டிதர் லின்னேயஸ், தம் மாணாக்கர் பேர் கால்ம் தந்த சான்றைக்கொண்டு, 1758-இல் நாமகரணம் செய்தார். வயிற்றின் அடிப்புறம் செம்மஞ்சளாயிராமல் கறுத்திருந்த சிறுவகையொன்று 1852-இல் தனியினமாக வர்ணிக்கப்பட்டும், பலர் அதை வெறும் குள்ளவடிவமென்றே நெடுங்காலம் எண்ணினர். 1925-இல் பூச்சியியலாளர் டேவிஸ் இவற்றுக்கென மாஜிசிகாடா என்னும் பேரினத்தை வகுத்தார். ஆயினும் இனபேதத்தைத் தெளிவாக்கியது செவியே: 1962-இல் பூச்சியியலாளர்களான அலெக்சாண்டரும் மூரும் ஆண்வண்டுகளின் நாதத்தையும் ஒப்புநோக்கி (ஊசியிற் குத்திய உலர்ந்த உடல் இந்தச் சாட்சியத்தை எங்ஙனம் சொல்லும்?) மூன்று புதிய இனங்களைப் பிரித்தனர், அறியப்பட்ட ஏழினங்களில் இறுதியாகிய, பதின்மூன்றாண்டுக்கொருமுறை வெளிப்படும் இனமும், 2000-இல், சுருதிபேதத்தின் வழியே அகப்பட்டது.