ஈலோ புள்ளி: அளவுகோல் பரிசான வரலாறு

செஸ் வட்டாரத்தில் ஒரு வீரரைப் பற்றி முதலில் விசாரிப்பது அவருடைய ரேட்டிங்கைத்தான். பலத்தை மதிப்பிட உருவான அந்த நான்கு இலக்க எண், பின்னாளில் பெரிய போட்டிகளுக்கான நுழைவுச்சீட்டாகவும் ஆனது. அதன் விதிகள் அடிக்கடி திருத்தப்பட்டதற்கு இந்த இரட்டை வேலையே முதன்மைக் காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

அமெரிக்கச் செஸ் கூட்டமைப்பு 1950 முதல் கென்னத் ஹார்க்னஸ் வகுத்த முறையைப் பின்பற்றியது. எதிராளிகளின் சராசரிப் புள்ளியை எடுத்து, பாதி வெற்றிக்கு மேல் ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் 10 புள்ளி கூட்டுவார்கள். கணக்கு எளிது, ஆனால் தன்னைவிட 600 புள்ளி குறைந்தவர்களை மட்டும் எதிர்கொண்டவர், அத்தனை ஆட்டத்தையும் வென்றாலும் புள்ளி இழப்பார். ஹங்கேரியில் பிறந்து, மில்வாக்கியின் மார்க்கெட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்த அர்பாத் ஈலோ இதற்குப் புள்ளியியல் அடித்தளம் அமைத்தார். அவரது முறையை அமெரிக்கா 1960-இலும், உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே 1970-இலும் ஏற்றன.

ஈலோ கேட்ட கேள்வி, எதிர்பார்த்ததைவிட எவ்வளவு கூடுதலாக எடுத்தார் என்பதே. 2500 புள்ளிக்காரர் 2300 புள்ளிக்காரரோடு மோதினால், அவரிடம் எதிர்பார்ப்பது 0.76. வென்றால் மிச்சமுள்ள 0.24-ஐ 'கே' என்னும் கெழுவால் பெருக்க வேண்டும். ஒருமுறை 2400-ஐ எட்டியவருக்கு அது 10. ஆகவே கிடைப்பது 2.4 புள்ளி. டிரா ஆனால் 2.6 போய்விடும். 2400-ஐ எட்டாத எதிராளிக்குக் கெழு 20 என்றால், அதே டிராவில் அவருக்கு 5.2 ஏறும். ஒருவர் இழந்ததும் மற்றவர் பெற்றதும் சமமாக இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

தங்களுக்குள்ளேயே ஆடும் கூட்டத்தின் புள்ளிகளை வெளியாரின் புள்ளிகளோடு ஒப்பிடுவதும் சிக்கல். இதைச் சரிசெய்வதாகச் சொல்லி, 1987 சனவரிப் பட்டியலில் பெண்களுக்கு 100 புள்ளிகளை ஃபிடே கூட்டியது. ஆண்களோடு அதிகம் ஆடிவந்த சூசன் போல்காருக்கு மட்டும் இல்லை. விளைவு, பெண்களில் முதலிடம் அவரிடமிருந்து மாயா சிபுர்தனிட்சேவிடம் போனது. காரணத்தில் நியாயம் இருக்கலாம். ஒரே ஒருவரை விலக்கிய விதம் நியாயமாகப் படவில்லை.

உலக சாம்பியனோடு மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டிக்கு ரேட்டிங் வழியாக ஓர் இடம் வந்ததும் கணக்குப்போட்டு ஆடும் காலம் தொடங்கியது. 2022-இல், அதற்குத் தகுதி பெற்றிருந்த ரஷ்ய வீரர் கர்யாகின் தடை செய்யப்பட்டதால் ஓர் இடம் காலியானது. உயர்ந்த ரேட்டிங் இருந்தும் போதிய ஆட்டங்கள் இல்லாத டிங் லிரென், சீனாவில் அவசரமாக ஏற்பாடான போட்டிகளில் சுமார் ஒரு மாதத்தில் 28 ஆட்டங்கள் ஆடித் தகுதி பெற்றார்; மறு ஆண்டே உலக சாம்பியனானார். ஃபிடே சர்க்யூட் என்ற தனிப் புள்ளிக் கணக்கிலும் ஒரு தொடரின் மதிப்பை நிர்ணயிப்பது அதில் ஆடுவோரின் சராசரி ரேட்டிங்தான். 2023 டிசம்பரில் குறுகிய கால அறிவிப்பில் நடந்த சென்னை கிராண்ட்மாஸ்டர்ஸ் தொடரை வென்று அந்த வழியில் கேண்டிடேட்ஸுக்குள் நுழைந்த குகேஷ், 2024-இல் டிங்கையே வீழ்த்திப் பட்டம் வென்றார். இரண்டு சாம்பியன்கள், இரண்டு கடைசிநேர ஏற்பாடுகள்!

2025-இல், கேண்டிடேட்ஸின் ரேட்டிங் இடத்துக்குத் தகுதிபெற அமெரிக்க வீரர் ஹிகாரு நகமுராவுக்கு 40 ஆட்டங்கள் தேவைப்பட்டன. லூசியானா, அயோவா மாநில அளவிலான போட்டிகளுக்குப் போனார்; வெளிப்படையாகவே போனார். எத்தனை பெரிய இடைவெளியையும் 400 புள்ளியாகவே கணக்கிட்ட விதி அவருக்குத் துணை நின்றது. எதிராளி எவ்வளவு பலவீனமானவரானாலும் ஒரு வெற்றிக்கு 0.8 புள்ளி உறுதி. அக்டோபர் 1 முதல், 2650-க்கு மேற்பட்டவர்களுக்கு உண்மையான இடைவெளியே கணக்கு என்று ஃபிடே மாற்றியது. இனி 2800 புள்ளிக்காரர் 1800 புள்ளிக்காரரை வென்றால் கிடைப்பது சுழியம்; டிரா செய்தால் 5 புள்ளி நட்டம்.