மலையுச்சியில் ஒரு மாற்று நிலையம்



நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு ரயில்வேயைப் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தருமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். யான் வரலாற்றுப் புலவன் அல்லன். பத்தாம் வகுப்புத் தேறிய பின் சரக்குக் கணக்கும் பார்சல் சீட்டும் எழுதியே காலம் கழித்துவரும் ஒரு குமாஸ்தா. ஆயினும், ஒரு பெட்டி ஓரிடத்திலிருந்து புறப்பட்டு எத்தனை கைம்மாறி எங்கே போய்ச் சேருகிறது என்பதைக் கவனிப்பதே என் தொழில். அந்தக் கண்கொண்டு பார்த்த ஒரு வரலாற்றை ஈண்டு எழுதத் துணிந்தேன்.

சென்ற கோடை விடுமுறையில் குடும்பத்துடன் சென்னைக்குச் சென்றிருந்தோம். சென்ட்ரல் நிலையம் 1873-ஆம் ஆண்டு முதல் இருந்துவருவது. நம்மில் பலருக்கும் பழகிய இடமே. எனினும் இன்று அதன் நிலை வேறு. நிலத்தின் கீழே 2018-ஆம் ஆண்டு மே மாதம் மெட்ரோ வண்டி வந்தது. 2019-இல் இரண்டாம் வழித்தடமும் அங்கே வந்து சேர்ந்தது. பக்கத்திலேயே மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து புறநகர் மின்வண்டிகள் புறப்படுகின்றன. சாலையின் எதிர்ப்புறம் பார்க் நிலையம். தாம்பரம் செல்வோர்க்கு அதுவே வழி. சற்று அப்பால் பறக்கும் ரயிலின் பூங்கா நகர் நிலையம். வெளியே நின்றால் எத்திசைக்கும் பேருந்து. ஒரே இடத்தில் இத்தனை வண்டிகள் ஒன்றுக்கொன்று ஆளை மாற்றிக்கொடுப்பதைக் கண்டு வியந்த என் மகன், “அப்பா, இதுபோல நம் பக்கத்தில் எங்கேனும் உண்டா?” என்று கேட்டான்.

கொச்சியின் வைற்றிலாவை நினைத்தேன். பேருந்தும் மெட்ரோவும் படகும் அங்கே கூடுகின்றன. நம் பாலக்காட்டையும் நினைத்தேன். 1862-இல் கணவாய் வழியே அகலப் பாதை வந்தது. 1932-இல் பொள்ளாச்சியிலிருந்து மீட்டர் பாதை வந்து சேர்ந்தது. பாதையின் அகலம் மாறுமிடத்தில் வண்டி மாறியே தீரவேண்டும். 2008-ஆம் ஆண்டு இறுதியில் அந்த மீட்டர் பாதை மூடப்படும்வரை, பழநிக்கும் மதுரைக்கும் போய்வந்த நம் மக்கள் இங்கே மூட்டை முடிச்சுடன் இறங்கி ஏறியதை என் போன்ற வயதினர் கண்டிருப்போம். இவையெல்லாம் மனத்தில் வந்தபோதும், மகனுக்கு யான் சொன்ன விடை வேறு. இவற்றினும் வியப்பான ஒரு மாற்று நிலையம் நம் கிழக்கு மலையின் உச்சியில் இருந்தது என்றேன்.

இன்று இடுக்கி மாவட்டத்தில் ஒரு முழத் தண்டவாளங்கூடக் கிடையாது. ஆயின், மூணாற்றிலிருந்து சுமார் 32 கிலோமீட்டர் தொலைவில், கேரள – தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் ஓரூர்க்கு ‘டாப் ஸ்டேஷன்’ என்று பெயர். பனிமூட்டத்தையும் பள்ளத்தாக்கையும் காணப் பல்லாயிரவர் அங்கே வருகின்றனர். படம் பிடிக்கின்றனர், தேநீர் அருந்துகின்றனர், திரும்புகின்றனர். “ஸ்டேஷன் என்கிறார்களே, எங்கே ஸ்டேஷன்?” என்று கேட்போர் சிலரே.

அந்த ஸ்டேஷன் எழுந்த காரணம் தேயிலை. 1877-இல் ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் பூஞ்சாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலையைக் குத்தகையாகப் பெற்றார். 1880-இல் ஷார்ப் என்பவர் பார்வதி என்னுமிடத்தில் தேயிலை பயிரிட்டார். 1897-இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி தோன்றிற்று. தேயிலை விளைந்தது, ஆலையில் பதமாகிப் பெட்டியில் அடைபட்டது. அதை விலைகொடுத்து வாங்குவோர் இருந்த இடமோ சீமை. மலையிலிருந்து கடற்கரைக்கு எப்படிக் கொண்டுசெல்வது? கிழக்கே கீழ்நோக்கினால் போடிநாயக்கனூர்ச் சமவெளி கண்ணுக்கெதிரே தெரிகிறது. இடையில் நிற்பதோ செங்குத்தான மலைச்சரிவு. தேயிலை நனையவும் கூடாது. பெட்டி உடையவும் கூடாது.

இதற்குக் கண்ட வழிதான் வியப்புக்குரியது. 1902-இல் மூணாற்றிலிருந்து மாட்டுப்பெட்டி வழியாக மலையுச்சிவரை வண்டிச்சாலை வெட்டி, அதன் ஓரமாக ஒற்றைத் தண்டவாளம் ஒன்றை இட்டனர். யூயிங் முறை என்பது அதன் பெயர். வண்டியின் பாரத்தில் பெரும்பகுதியைத் தண்டவாளத்தின்மீது உருளும் சிறு சக்கரங்கள் தாங்கும். பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் சாலையில் உருண்டு வண்டி சாயாமல் காக்கும். இழுத்தவை எருதுகள். இன்று மோனோரயில் என்றால் வானளாவிய தூண்களும் மின்சாரமும் நம் நினைவுக்கு வருகின்றன. இந்தியாவின் முதல் மோனோரயில் மாடுகள் இழுத்தது, அதுவும் நம் மலையில் ஓடியது என்றால் பிள்ளைகள் நம்புவார்களா? இதே முறையில் பாட்டியாலா சமஸ்தானத்தில் 1907 முதல் 1927 வரை ஒரு பாதை ஓடிற்று. அதன் எஞ்சின் ஒன்று தில்லி ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கின்றது. அங்கே செல்வோர் காணலாம்.

1908-இல் ஒற்றைத் தண்டவாளம் போய் இரட்டைத் தண்டவாளம் வந்தது. இரண்டடி அகலமுள்ள குறுகிய பாதை. எருதுக்குப் பதிலாக நீராவி எஞ்சின். குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில்வே எனப்பட்ட அதற்கு மூணாறு, மாட்டுப்பெட்டி, பாலாறு ஆகிய நிலையங்கள். முடிவில் உச்சி நிலையம். தேயிலைப் பெட்டியோடு ஆட்களும் அதில் ஏறிச் சென்றனர்.

உச்சி நிலையத்தில் தண்டவாளம் முடிந்தது. அங்கே கம்பிவடம் தொடங்கிற்று. மலைமுகட்டிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் கீழே உள்ள கொட்டக்குடிக்கு வான்வழியே வடம் கட்டி, ரயிலிலிருந்து இறங்கிய பெட்டிகளை அதில் தொங்கவிட்டு அனுப்பினர். கீழே சேருமிடத்துக்கு ‘பாட்டம் ஸ்டேஷன்’ என்று பெயராயிற்று. தோட்டத்து மக்களுக்கு வேண்டிய அரிசி முதலியன அதே வடத்தில் மேலே ஏறின. கொட்டக்குடியிலிருந்து போடிக்குச் சுமார் 15 கிலோமீட்டர் மாட்டு வண்டிப் பயணம். அந்நாளில் போடிக்கு ரயில் இல்லை. ஆதலால் சரக்கு மேலும் வண்டிகளிலேயே சென்று, 1875-இல் திறந்த திருச்சி – மதுரைப் பாதையின் அம்மையநாயக்கனூர் நிலையத்தை, அதாவது இன்றைய கொடைக்கானல் ரோடு நிலையத்தை அடைந்தது. பிறகு ரயிலில் தூத்துக்குடி; அங்கிருந்து கப்பல்.

ஒரு குமாஸ்தாவின் கணக்கில் சொல்வதானால், ஒரு தேயிலைப் பெட்டிக்கு ஐந்து வாகனங்கள், நான்கு மாற்றங்கள். எங்கள் தொழிலில் ஒரு பாடம் உண்டு: ஓடும் வண்டியில் சரக்குக்குப் பெரும்பாலும் கேடில்லை, மாற்றும் இடத்திலேதான் பெட்டி உடையும், மழையில் நனையும், எண்ணிக்கை குறையும். ஆகவே ஒரு வழியின் திறமை அதன் மாற்று நிலையத்தில் இருக்கிறது. ரயிலையும் வான்வடத்தையும் மலையுச்சியில் இணைத்தவர்கள் அப்பாடத்தை நன்கறிந்தவர்கள்.

ஆனால், அந்தத் தேயிலையைப் பறித்தவர்கள் எப்படி மலையேறினார்கள்?

மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிகளின் பின்னால் கூட்டங்கூட்டமாகப் புறப்பட்ட நம் முன்னோர், போடி வந்து, கொட்டக்குடியும் குரங்கணியும் கடந்து, கால்நடையாகவே அம்மலையில் ஏறினார்கள். தலையில் சட்டி பானை, இடுப்பில் குழந்தை, காலடியில் அட்டை. என் பாட்டியின் தாயார் அவ்வழி ஏறியவர். பாட்டி எனக்குச் சொன்ன சொல் இன்றும் காதில் நிற்கிறது: “பெட்டியெல்லாம் தலைக்கு மேலே பறந்து போகுமாம் சாமி. ஆளுக அதை அண்ணாந்து பாத்துக்கிட்டே நடப்பாங்களாம்.” சிறு வயதில் அதைக் கேட்டு யான் சிரித்ததுண்டு. சரக்குக் கணக்கு எழுதத் தொடங்கிய பிறகே அதன் பொருள் விளங்கிற்று. பெட்டிக்கு வடம் இருந்தது. பெட்டியை நிரப்பியவர்க்குக் காலே கதியாக இருந்தது.

1924-ஆம் ஆண்டு ஜூலை மாதம் வந்தது. கொல்லம் ஆண்டு 1099 ஆதலால் மலையாளிகள் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்று இன்றும் அச்சத்துடன் சொல்லும் பெருமழை. மாட்டுப்பெட்டிப் பக்கத்தில் மண்சரிவினால் தேங்கிய நீர் உடைத்துக்கொண்டு வந்து மூணாற்றை வாரிச் சென்றது என்பர். பாதையும் பாலமும் வண்டியும் அழிந்தன. இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒரு ரயில் பிறந்து, வளர்ந்து, மறைந்துவிட்டது. திரும்ப அது போடப்படவே இல்லை. பழைய மூணாறு நிலையக் கட்டிடம் தேயிலைக் கம்பெனியின் அலுவலகமாயிற்று. உச்சியில் பெயர் மட்டும் எஞ்சிற்று.

இதற்குப் பிறகு நிகழ்ந்ததை எண்ணும்போது மனம் கனக்கிறது. 1928-ஆம் ஆண்டு நவம்பர் 20-ஆம் நாள் மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு ரயில் வந்தது. மேலே ரயில் இருந்த காலத்தில் கீழே ரயில் இல்லை. கீழே ரயில் வந்தபோது மேலே ரயில் இல்லை. நான்கே ஆண்டு இடைவெளியில் அவ்விரண்டும் ஒன்றையொன்று காணாமற் போயின. கீழ்ப் பாதையும் நிலையாக இருந்ததா எனின், அதுவும் இல்லை. இரண்டாம் உலகப்போரின்போது அதன் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு, 1950-களில்தான் மீண்டும் இடப்பட்டன. 2010-ஆம் ஆண்டு இறுதியில் அகலப் பாதையாக்கும் பொருட்டு அது மூடப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் போடி மக்கள் ரயிலின் ஊதொலி கேளாதிருந்தனர். 2022 மே மாதம் தேனிக்கும், 2023 ஜூன் 15-ஆம் நாள் போடிக்கும் அகலப் பாதை வண்டி வந்தது. அன்று வந்தது சென்னை சென்ட்ரலோடு போடியை நேரே இணைக்கும் விரைவு வண்டி.

என் மகனின் கேள்வியும் யான் சொன்ன கதையும் சந்திக்கும் இடம் இதுவே. கொள்ளுப்பேரர் நடந்தேறிய மலையிலிருந்து இன்றைய தோட்டத் தொழிலாளியின் மகள் பேருந்தில் போடிமெட்டு வழியாக இறங்கலாம். போடியில் இரவு வண்டி ஏறலாம். காலையில் சென்ட்ரலில் இறங்கி, மின்படியில் நின்றபடியே மெட்ரோவுக்குச் சென்று, கல்லூரிக்கோ வேலைக்கோ போய்ச் சேரலாம். நூறாண்டுகளுக்கு முன் தேயிலைப் பெட்டிக்குக் கிட்டிய தொடர்வழி, இப்போதுதான் அதைப் பறித்தவர் பரம்பரைக்குக் கிட்டத் தொடங்கியிருக்கிறது.

‘தொடங்கியிருக்கிறது’ என்று அளந்தே எழுதுகின்றேன். வண்டி பல கூடினால் மட்டும் மாற்று நிலையம் ஆகிவிடாது. ஒரு வண்டியை விட்டு இறங்கிய கிழவி, மூட்டையோடு எத்தனை படி ஏறி, எத்தனை நாழிகை நின்று, மழையில் எவ்வளவு நனைந்து அடுத்த வண்டியை அடைகிறாள் என்பதே அதற்குரிய அளவுகோல். பளிங்குத் தரையையும் ஒளிவிளக்கையும் கண்டு நாம் மதிப்பிடக் கூடாது. நிலையங்களில் வேலை செய்யும் நம்மவர் பலர் இக்கட்டுரையைப் படிப்பீர்கள். வழி கேட்டு வந்து நிற்கும் முதியவருக்கு ஒரு நிமிடம் ஒதுக்கி அடுத்த வண்டியைக் காட்டுவதும் அந்த அளவுகோலில் அடங்கும் என்பதை நாம் மறவாதிருப்போமாக.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. மன்றோவின் பெயர் ஏட்டில் இருக்கிறது. ஷார்ப்பின் பெயர் இருக்கிறது. ரயிலிலிருந்து பெட்டியை இறக்கி வடத்தில் மாட்டிய தமிழனின் பெயர் எந்த ஏட்டிலும் யான் கண்டதில்லை. அது நம் வீட்டுப் பெரியவர்களின் நினைவில் மட்டுமே இருக்கக்கூடும். அவர்களும் நாளுக்கு நாள் குறைந்துவருகின்றனர். நம் காலனியில் மூணாறு, தேவிகுளம், பீர்மேடு மலைகளோடு உறவுடைய குடும்பங்கள் பல உள்ளன. உங்கள் பாட்டனார் எவ்வூரிலிருந்து, எவ்வழியே, யாருடன் மலையேறினார் என்பதைக் கேட்டறியுங்கள். ஆண்டு விழா நாளன்று மண்டப வாயிலில் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் அமர்ந்திருப்பேன். ஒரு பெயரும் ஓர் ஊரும் சொன்னாற் போதும்; எழுதிக்கொள்கிறேன். முதற் பக்கத்தில் என் பாட்டியின் தாயார் பெயரை எழுதிவைத்திருக்கிறேன்.