தாம்சன் சாலைக்குப் பெயர் தந்த நில அளவையாளர்

சிங்கப்பூரில் தாம்சன் சாலையை அறியாதவர் இல்லை. அந்தப் பெயருக்கு உரியவர், அரசாங்க நில அளவையாளராக இருந்த ஜான் டர்ன்புல் தாம்சன். நம் தமிழுக்கும் அவர் பணிக்கும் ஒரு தொடர்பு உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தில் 1821இல் பிறந்த தாம்சன், 1838இல் பினாங்கு வந்தார். தோட்ட நிலங்களை அளப்பதே அவருடைய முதல் வேலை. 1841இல் சிங்கப்பூரின் அரசாங்க நில அளவையாளரானார். அப்போது அவருக்கு வயது சுமார் 20. நிலம் அளந்து வரைபடம் தயாரித்ததோடு, கட்டடங்களையும் வடிவமைத்தார். பெர்ல்ஸ் ஹில்லில் ஏழைகளுக்காக எழுந்த முதல் டான் டோக் செங் மருத்துவமனை அவரது வடிவமைப்பே.

அவருடைய பெரும்பணி ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம். பத்து பூத்தே என மலேசியர்கள் அழைக்கும் பெட்ரா பிராங்கா பாறையில், உபின் தீவுக் கருங்கல்லைக் கொண்டு அதைக் கட்டினார். 1851 அக்டோபரில் விளக்கு ஏற்றப்பட்டது. பின்னாளில் அந்தப் பாறைக்கு மலேசியாவும் சிங்கப்பூரும் உரிமை கோரின. 2008இல் அனைத்துலக நீதிமன்றம் அதைச் சிங்கப்பூருக்கு உரியது எனத் தீர்ப்பளித்தது.

தமிழருக்கு நெருக்கமானது டல்ஹவுசி நினைவுத் தூண். இந்தியாவின் தலைமை ஆளுநர் டல்ஹவுசி 1850இல் வருகை தந்ததன் நினைவாகத் தாம்சன் வடிவமைத்தது. எம்பிரஸ் பிளேசில் நிற்கும் அத்தூணில் ஆங்கிலம், சீனம், ஜாவி ஆகியவற்றோடு தமிழும் பொறிக்கப்பட்டுள்ளது. தமிழ் அதிகாரத்துவ மொழியாவதற்கு நூறாண்டுக்கும் முன்பே, பொது இடத்துக் கல்லில் தமிழ் இடம்பிடித்துவிட்டது.

தமிழ் வம்சாவளித் தொடர்புள்ள முன்ஷி அப்துல்லாவிடம் தாம்சன் மலாய் பயின்றார். தோற்றத்தில் அவர் ஒரு தென்னிந்தியத் தமிழர் என்றே தம் நூலில் வருணித்தார். அப்துல்லாவின் தன்வரலாற்றுப் பகுதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்து 1874இல் வெளியிட்டார்.

உடல்நலம் குன்றியதால் 1853இல் சிங்கப்பூரை விட்டுச் சென்றார். 1856இல் நியூசிலாந்தில் குடியேறி, இன்வர்கார்கில் நகருக்கு மனையும் தெருவும் வகுத்தார். அதன் முக்கியச் சாலைகளுக்கு இரண்டு சங்கிலி, அதாவது சுமார் 40 மீட்டர், அகலம் விட்டார். வண்டி மாட்டுக் காலத்தில் வகுத்த அந்த அகலம் இன்றைய போக்குவரத்துக்கும் இடம் தருகிறது. ஊர் அறிஞர்கள் கூடிய ஒட்டாகோ கழகத்தில் கட்டுரைகள் வாசித்தார். மவோரி மக்களின் பூர்வீகம் இந்தியா என்ற அவருடைய கருத்தை இன்றைய ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. 1876இல் அந்நாட்டின் முதல் தலைமை நில அளவையாளரான அவர், 1884இல் காலமானார்.

தாம்சன் காலனித்துவ ஆட்சியின் அதிகாரிதான். அவரோடு சங்கிலி பிடித்தவர்கள், கல் சுமந்தவர்கள் பெயரில் சாலைகள் இல்லை. அவர் பெயரைச் சொல்லும்போது அந்தக் கைகளையும் நினைப்பது நம் கடமை. எம்பிரஸ் பிளேஸ் பக்கம் போகும்போது அந்தத் தூணின் தமிழ் வரிகளைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.