வெள்ளைப் பணியாரத்துக்கு எத்தனை கலோரி? எடை குறைப்பு ஆப்களை எவ்வளவு நம்பலாம்?

காரைக்குடி பக்கம் ஒரு விசேஷ வீடு. இலையில் ரெண்டு வெள்ளைப் பணியாரம், தொட்டுக்கொள்ள காரச் சட்னி. சாப்பிடும் முன் செல்போனை எடுத்து ஆப்பில் 'பணியாரம்' என்று தேடினால், அது காட்டும் கலோரி குழிப் பணியாரத்தின் கணக்காக இருக்கலாம். குழிப் பணியாரம் குழிக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டுச் சுடுவது. வெள்ளைப் பணியாரமோ பச்சரிசி, உளுந்து மாவை எண்ணெயில் ஊற்றிப் பொரிப்பது. ரெண்டுமே பணியாரம்தான், ஆனால் கலோரி வேறு.

எடையைக் குறைக்க ஆப் உதவுமா? உதவும். ஆனால் நாம் எதைப் பதிவு செய்கிறோமோ, அதை வைத்துத்தான் அது கணக்கு போடும்.

தமிழ்நாட்டில் நிலைமை என்ன?

2015-16 தேசிய குடும்பநல ஆய்வில் தமிழகப் பெண்களில் 30.9 சதவீதம் பேரும், ஆண்களில் 28.2 சதவீதம் பேரும் கூடுதல் எடை அல்லது உடல் பருமனுடன் இருந்தனர். 2019-21 ஆய்வில் இது பெண்களில் 40.4, ஆண்களில் 37 சதவீதமாக உயர்ந்தது.

இந்தியர்களுக்கு பி.எம்.ஐ. 23-ஐத் தொட்டாலே கூடுதல் எடை, 25-ஐத் தொட்டால் உடல் பருமன் என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். 160 செ.மீ. உயரமுள்ளவருக்கு இது சுமார் 59 கிலோ, 64 கிலோ. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது.

ஆப் எங்கே தடுமாறுகிறது?

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணையில் 528 உணவுப் பொருட்கள் உள்ளன. இவை பெரும்பாலும் அரிசி, பருப்பு, காய்கறி போன்ற சமைக்காத பொருட்கள். சமைத்த பிறகு கலோரி எவ்வளவு என்பது வீட்டுக்கு வீடு மாறும்.

கவுனி அரிசியையே எடுத்துக்கொள்வோம். 'உடம்புக்கு நல்லது' என்று ஆப்பில் கறுப்பு அரிசி எனப் பதிவு செய்துவிடலாம். ஆனால் செட்டிநாட்டில் அது சர்க்கரை, நெய், தேங்காய்ப்பூ சேர்ந்த இனிப்பு. ஒரு கிராம் சர்க்கரைக்கு 4 கலோரி, ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கலோரி. இதெல்லாம் விடுபட்டால் கணக்கே பாதிதான். போட்டோ எடுத்துப் போட்டாலும், கோழிக் குழம்பில் அரைத்துவிட்ட தேங்காய் கேமராவுக்குத் தெரியாது.

அப்போ செல்போனால் பயன் இல்லையா?

இருக்கிறது. நீரிழிவு வரும் நிலையில் இருந்த 537 ஆண்களிடம் சென்னை ஆய்வாளர்கள் ஓர் ஆய்வு நடத்தி, முடிவை 2013-ல் வெளியிட்டனர். ஒரு பிரிவினருக்கு மட்டும் உணவு, உடற்பயிற்சி பற்றி அடிக்கடி எஸ்.எம்.எஸ். போனது. இரண்டு ஆண்டுகளில் அவர்களில் 18 சதவீதம் பேருக்கும், எஸ்.எம்.எஸ். பெறாதவர்களில் 27 சதவீதம் பேருக்கும் நீரிழிவு வந்தது. இது எடை குறைப்புக்கான ஆய்வு இல்லை. ஆனாலும் செல்போனில் வரும் சின்ன நினைவூட்டல்கூட பலன் தரும் என்பதற்கு இது சாட்சி.

எண்ணெய் டின் சொல்லும் கணக்கு

நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் 5 லிட்டர் எண்ணெய் தீர்ந்தால், ஒருவருக்கு நாளைக்கு சுமார் 38 கிராம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2,000 கலோரி உணவுத் திட்டத்தில் எண்ணெய், கொழுப்புக்கு ஒதுக்கியது 27 கிராம்தான். கூடுதலாகப் போகும் 11 கிராமில் மட்டும் தினமும் 100 கலோரி. இதை ஆப்பில் சேர்க்காமல் மற்றதை மட்டும் துல்லியமாகப் பதிவு செய்து பிரயோஜனம் இல்லை.

எப்படிப் பயன்படுத்தலாம்?

• அடிக்கடி செய்யும் பத்து சமையலை, பொருள் வாரியாக ஆப்பில் சொந்த ரெசிபியாகச் சேமிக்கவும். எண்ணெய், தேங்காயை ஒருமுறையாவது அளந்து போடவும்.
• பந்தியில் சாப்பிட்டதையும் மறைக்காமல் எழுதவும். ஒரு நாள் கூடினால் தப்பில்லை, வாரக் கணக்கைப் பார்க்கவும்.
• வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில் எடை பார்த்தால் போதும். வாரத்துக்கு அரை கிலோ குறைவது பாதுகாப்பானது.
• '10,000 ஸ்டெப்' என்பது 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த நடை அளக்கும் கருவியின் பெயரிலிருந்து பரவிய எண். அதை எட்டவில்லையே என்று நடையை நிறுத்த வேண்டாம். வாரத்துக்கு 150 நிமிட வேக நடையாவது இருக்கட்டும்.
• இன்ஸ்டால் செய்யும்போது கான்டாக்ட்ஸ், லொகேஷன் கேட்டால், அது எதற்கு என்று யோசித்துவிட்டு அனுமதி கொடுக்கவும்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள், இன்சுலின் அல்லது சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் ஆப் சொல்வதை மட்டும் கேட்டு உணவைக் குறைக்கக் கூடாது. மருத்துவரிடம் கேட்டே ஆரம்பிக்க வேண்டும். நாளைக்கு 1,000 கலோரிக்கும் கீழே போகச் சொல்லும் எந்தத் திட்டமும் யாருக்கும் வேண்டாம். சாப்பிடும் ஒவ்வொரு வாய்க்கும் குற்ற உணர்ச்சி வந்தால், ஆப்பை மூடிவிட்டு ஆலோசனை பெறுவதே நல்லது.

மற்றபடி, ஆப் ஒரு கணக்கு நோட்டு மாதிரிதான். எடையைக் குறைப்பது அது இல்லை, அதைப் பார்த்து அடுத்த வேளைக்கு நாம் எடுக்கும் முடிவு. ரெண்டு பணியாரத்தைச் சாப்பிடலாம், ரெண்டு என்றே எழுதவும் வேண்டும்.